விண்வெளியில் லேசர்வழித் தகவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேசரில் தகவல் அனுப்புவது என்றால் என்ன?

ஒளியை மிக வேகமாக விட்டு விட்டுப் பாய்ச்சி, அந்த விட்டு விட்டுப் பாய்ச்சும் முறையிலேயே செய்தியைப் பொதிந்து அனுப்புவது. எதிர்முனையில் தொலைநோக்கி ஒன்று அந்த ஒளியைப் பிடித்து மறுபடி எண்களாக மாற்றும். கோட்பாட்டில் இவ்வளவுதான். எதிர்முனை நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதுதான் விவகாரம் சூடுபிடிக்கிறது. அந்தத் தூரத்தில் இதைச் செய்து காட்டியது நாசாவின் சைக்கி விண்கலம் சுமந்து சென்ற லேசர் கருவி. 2023 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்ட சைக்கி, அதே பெயருடைய, உலோகம் நிறைந்ததாகக் கருதப்படும் சிறுகோளை நோக்கிப் போகிறது. லேசர் கருவி அதில் ஒட்டிக்கொண்டு போன சோதனைப் பயணி மட்டுமே. விண்கலத்தின் சொந்த அலுவல் முழுவதும் ரேடியோவில்தான் நடக்கிறது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கருவியைச் சுற்றியே வரும்.

ரேடியோ நன்றாகத்தானே வேலை செய்கிறது? லேசர் எதற்கு?

ரேடியோ நம்பகமானது, அதில் சந்தேகமில்லை. வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்கு 160 பிட் (பிட் என்பது தரவின் மிகச் சிறிய அலகு, ஒரு 0 அல்லது 1) வேகத்தில் பேசிக்கொண்டிருப்பது ரேடியோவில்தான். குறை என்னவென்றால், ரேடியோ அலை பயண வழியில் மிக அகலமாக விரிந்துவிடும். எந்தக் கதிரும் விரியும். அலைநீளம் எவ்வளவு பெரிதோ, அனுப்பும் தட்டு எவ்வளவு சிறிதோ அவ்வளவு கூடுதலாக விரியும். விண்கலங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ரேடியோ அலையின் நீளம் மூன்றரை சென்டிமீட்டர் அளவு. சைக்கியின் லேசர் ஒளியின் அலைநீளம் 1,550 நானோமீட்டர், அதாவது ஒன்றரை மைக்ரோமீட்டர் சொச்சம். இருபதாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். 46 கோடி கி.மீ. தொலைவிலிருந்து, இரண்டு மீட்டர் தட்டு வழியே அனுப்பும் ரேடியோக் கதிர் பூமியை அடையும்போது அதன் அகலம் எண்பது லட்சம் கி.மீ. அளவுக்குப் போய்விடுகிறது. நிலா இருக்கும் தூரத்தைப்போல இருபது மடங்கு. அதே இடத்திலிருந்து வெறும் 22 சென்டிமீட்டர் தொலைநோக்கி வழியே வரும் லேசர் சுமார் மூவாயிரம் கி.மீ. அகலத்தில் வந்து விழுகிறது. அனுப்பிய ஆற்றலில் வீணாவது அந்த அளவுக்குக் குறைகிறது. ஒத்த எடையும் மின்சாரமும் செலவழிக்கும் ரேடியோக் கருவியைப்போல் பத்து முதல் நூறு மடங்கு வரை தரவு அனுப்பலாம் என்பதே இந்தத் திட்டத்தின் இலக்காக இருந்தது.

அப்படியானால் லேசர், ரேடியோவைவிட வேகமாகப் போகுமா?

இல்லை. இரண்டும் ஒளியின் வேகத்தில்தான் போகின்றன. லேசர் தருவது கொள்ளளவு. ஒரே நேரத்தில் கூடுதல் தரவு வந்து சேரும். செவ்வாயில் இருப்பவரோடு தொலைபேசியில் பேசுவதுபோல உரையாட லேசரும் உதவாது. “அதிவேக லேசர்” என்று தலைப்பிடும் செய்திகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

பூனைக் காணொளி என்றார்களே, அது என்ன?

2023 டிசம்பர் 11 அன்று, 3.1 கோடி கி.மீ. தொலைவிலிருந்து 15 நொடி உயர்தெளிவுக் காணொளி ஒன்று பூமிக்கு வந்தது. டேட்டர்ஸ் என்ற செம்பட்டைப் பூனை ஒரு லேசர்ப் புள்ளியைத் துரத்தும் காட்சி. பூனை, கலிஃபோர்னியாவில் இந்தக் கருவியை உருவாக்கிய ஜெட் உந்துகை ஆய்வகத்தின் ஊழியர் ஒருவருடையது. காணொளியை ஏவுதலுக்கு முன்பே கருவியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். விண்வெளியில் பூனை இல்லை. இப்படியும் ஒரு கேள்வி வருவதால் சொல்கிறேன்.

வந்த வேகம் நொடிக்கு 267 மெகாபிட். பயண நேரம் 101 நொடி. எனக்கு இதில் பிடித்த செய்தி வேறு: கலிஃபோர்னியாவின் பாலோமார் மலையில் உள்ள தொலைநோக்கியில் காணொளியைப் பிடித்தவர்கள் அதை இணையம் வழியே ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தரை இணைப்பு, விண்வெளியிலிருந்து வந்த இணைப்பைவிட மெதுவாக இருந்தது.

தூரம் கூடக் கூட என்ன ஆயிற்று?

வேகம் குறைந்தது, குறையத்தான் வேண்டும். தூரம் இரட்டிப்பானால் கதிர் விழும் பரப்பு நான்கு மடங்காகும், கிடைக்கும் ஒளி கால்பங்காகும். 2024 ஏப்ரலில் 22.6 கோடி கி.மீ. தொலைவிலிருந்து நொடிக்கு 25 மெகாபிட் கிடைத்தது. அந்தத் தூரத்தில் அவர்கள் இலக்காக வைத்திருந்தது ஒரு மெகாபிட்தான். அதே ஆண்டு ஜூனில் தூரம் 39 கோடி கி.மீ., வேகம் சீராக 6.25 மெகாபிட், அதிகபட்சம் 8.3. தூரம் 1.7 மடங்கு, அதிகபட்ச வேகம் மூன்றில் ஒரு பங்கு. பாடப்புத்தகக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

டிசம்பர் மாத 267 மெகாபிட்டை இந்தக் கணக்கில் சேர்த்தால் மட்டும் பொருந்தாது. அவ்வளவு அருகில் இருந்தபோது ஒளி தாராளமாகக் கிடைத்தது. கருவியின் உச்ச வேகமே 267தான். இன்னும் அருகில் போயிருந்தாலும் அதற்கு மேல் வந்திருக்காது.

2024 ஜூலையில் 46 கோடி கி.மீ. தொலைவை எட்டிய கருவி, டிசம்பரில் 49.4 கோடி கி.மீ. வரை போய்த் தன் சாதனையைத் தானே மிஞ்சியது. 2025 செப்டம்பர் 2 அன்று 65ஆவது முறையாகப் பேசியதோடு சோதனை முடிந்தது. மொத்தம் வந்த தரவு 13.6 டெராபிட், அதாவது 1.7 டெராபைட். இன்றைய மடிக்கணினி வன்தட்டு இரண்டில் அடங்கிவிடும் அளவுதான். ஆனாலும் வந்த தூரத்தைப் பாருங்கள்.

அவ்வளவு தூரத்திலிருந்து பூமியை எப்படிக் குறிபார்க்கிறது?

உண்மையான கேள்வி இதுதான். லேசரை உருவாக்குவது கடினமில்லை. அதன் ஆற்றல் வெறும் 4 வாட், சிறிய எல்.இ.டி. பல்பு அளவு. கடினம் குறிபார்ப்பதில்.

கதிர் மெல்லியது என்பது இங்கே எதிராகத் திரும்புகிறது. மூவாயிரம் கி.மீ. அகல ஒளிவட்டம், பன்னிரண்டாயிரத்து எழுநூறு கி.மீ. விட்டமுள்ள பூமியைக்கூட முழுதாக மூடாது. அதன் நடுப்பகுதி கலிஃபோர்னியாவின் மேல் விழ வேண்டும். பூமியோ சும்மா நிற்பதில்லை. நொடிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. 46 கோடி கி.மீ. கடக்க ஒளிக்கு 25 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பூமி 46,000 கி.மீ. நகர்ந்திருக்கும். விண்கலமும் தன் பங்குக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே பூமி இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டால் ஒளி வெற்றிடத்துக்குப் போகும். பூமி வந்து சேரப்போகும் இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும்.

இதற்குப் பூமி உதவியது. கலிஃபோர்னியாவில் ரைட்வுட் ஊருக்கு அருகே டேபிள் மவுண்டன் மலையிலிருந்து பல கிலோவாட் வலுவுள்ள 1,064 நானோமீட்டர் லேசரை விண்கலத்தை நோக்கி அனுப்பினார்கள். கலங்கரை விளக்கம் செய்யும் வேலை அதற்கு. விண்கலத்தின் நுண்கேமரா அந்த மங்கலான புள்ளியைப் பிடித்து, அதை அடையாளமாக வைத்துக்கொண்டு, எவ்வளவு முன்தள்ளிச் சுட வேண்டும் என்று கணக்கிட்டுத் தன் லேசரைத் திருப்பியது. இன்னொரு தொல்லை, விண்கலத்தின் சொந்த அதிர்வு. அது கருவியைத் தொடாதபடி அதிர்வு தாங்கும் தனி அமைப்பின் மேல் தொலைநோக்கியைப் பொருத்தியிருக்கிறார்கள்.

கீழே இறங்கும் ஒளியைப் பிடித்தது டேபிள் மவுண்டன் இல்லை. அதற்குத் தெற்கே நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி, சான் டியேகோ மாவட்டத்தில் உள்ள பாலோமார் வான்காணகத்தின் ஹேல் தொலைநோக்கி அந்த வேலையைச் செய்தது. 5.1 மீட்டர் கண்ணாடி. 1948இல் திறக்கப்பட்டது, விண்வெளி யுகமே அப்போது பிறக்கவில்லை.

வந்து சேரும் ஒளி எவ்வளவு இருக்கும்? அதை எப்படிப் படிக்கிறார்கள்?

4 வாட் லேசரிலிருந்து ஒவ்வொரு நொடியும் சுமார் மூன்று லட்சம் கோடி கோடி ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) புறப்படுகின்றன. 46 கோடி கி.மீ. கடந்து ஹேல் கண்ணாடியின் மேல் விழுபவை, என் தோராயக் கணக்கில், சில கோடி. வளிமண்டலமும் கண்ணாடிகளும் விழுங்குவது போக மிஞ்சுவது இன்னும் குறைவு. அந்தச் சில கோடியில்தான் நொடிக்குப் பல லட்சம் பிட்டுகளைத் தேட வேண்டும். ஒரு பிட்டுக்கு ஒருசில ஃபோட்டான்களே கிடைக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணியாக வேண்டும்.

எண்ணுவதற்கு மீக்கடத்தி நுண்கம்பிகளால் ஆன உணரி ஒன்று இருக்கிறது. மைனஸ் 270 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்வித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடை இல்லை. ஒரே ஒரு ஃபோட்டான் வந்து மோதினாலும் அந்த இடம் சற்றே சூடாகி மின்தடை திரும்புகிறது, ஒரு மின்துடிப்பு பிறக்கிறது. அது எந்த நேரத்தில் பிறந்தது என்பதை மிகத் துல்லியமாகக் குறித்துக்கொள்கிறார்கள்.

நேரம் ஏன் முக்கியம்? செய்தி நேரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ‘ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0’ என்று அனுப்பினால் ஃபோட்டான் நிறையச் செலவாகும். அதற்குப் பதிலாக ஒரு சிறு கால அளவை, உதாரணமாக 128 கட்டங்களாகப் பிரித்து, ஏதேனும் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் லேசரைத் துடிக்க விடுகிறார்கள். எந்தக் கட்டம் என்பதை அறிந்தால் ஏழு பிட்டுகள் கிடைத்துவிடும். ஒரே துடிப்பு, ஏழு பிட். சில துடிப்புகள் காணாமல் போகும், வானிலிருந்து வேண்டாத ஃபோட்டான்கள் வந்து கலக்கும். அதற்காகப் பிழைதிருத்தக் குறியீடு சேர்த்தே அனுப்புவார்கள். இந்தத் திட்டத்தில் மிக அழகான பகுதி எதுவென்று கேட்டால் இந்தக் கட்டக் கணக்கைத்தான் சொல்வேன்.

மேகம் வந்தால்?

நின்றுவிடும். இதற்கு மழுப்பல் பதில் இல்லை. ரேடியோ மேகத்தைத் துளைத்து வரும், லேசர் வராது. நிரந்தரச் சேவை வேண்டுமென்றால் வெவ்வேறு வானிலை உள்ள பல இடங்களில் தரைநிலையங்கள் வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமை 2025 ஜூலையில் கிரேக்கத்தின் இரண்டு வான்காணகங்களிலிருந்து சைக்கியோடு பேசியது. அப்போது தூரம் 26.5 கோடி கி.மீ. ஒன்றிலிருந்து ஒளி அனுப்பி, இன்னொன்றில் பெற்றார்கள். அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோனில் 34 மீட்டர் ரேடியோத் தட்டு ஒன்றின் உட்புறத்தில் கண்ணாடிகளைப் பொருத்தி, இரண்டையும் ஒரே தட்டில் பெறவும் சோதித்திருக்கிறார்கள். மேகம் மூடினால் ரேடியோ, விலகினால் லேசர். எனக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்து வரும் வழியாகத் தெரிகிறது. ரேடியோவைத் தூக்கி எறியும் பேச்சு இந்தத் துறையில் யாரும் பேசுவதில்லை.

இதற்கு முன் யாரும் முயன்றதில்லையா?

முயன்றிருக்கிறார்கள். 1992 டிசம்பரில் அதே டேபிள் மவுண்டனிலிருந்தும் நியூ மெக்சிகோவிலிருந்தும் அனுப்பிய லேசர்த் துடிப்புகளை, வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலீலியோ விண்கலத்தின் கேமரா 60 லட்சம் கி.மீ. தொலைவு வரை பதிவு செய்தது. அது ஒருவழி. இருவழிப் பேச்சு 2013 அக்டோபரில் நடந்தது. நிலாவைச் சுற்றிய லாடீ விண்கலம் அரை வாட் லேசரைக் கொண்டு நொடிக்கு 622 மெகாபிட் அனுப்பியது.

பூமிக்கு அருகில் இது பயன்பாட்டில் இருக்கிறதா?

இருக்கிறது, சத்தமில்லாமல். ஐரோப்பாவின் சென்டினல் புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் தாங்கள் எடுத்த படங்களை, மேலே 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள அஞ்சல் செயற்கைக்கோளுக்கு லேசரில் அனுப்ப, அது ஐரோப்பாவுக்குக் கீழே இறக்கித் தருகிறது. இந்த ஏற்பாட்டின் முதல் நிலையம் 2016இல் மேலே போனது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் தங்களுக்குள் லேசரிலேயே பேசிக்கொள்கின்றன. மேலே மேகமும் இல்லை, காற்றும் இல்லை.

வேகத்துக்கென்றே பறந்தது டிபேர்ட் என்ற சிறு கருவி. 2023இல் நொடிக்கு 200 கிகாபிட்டைத் தொட்டது. தரைநிலையத்தின் தலைக்குமேல் கடக்கும் ஐந்து நிமிடத்தில் டெராபைட் கணக்கில் இறக்கியது. கீழ்ச்சுற்றுப்பாதையில் தூரம் சில நூறு கி.மீ.தான் என்பதால் இது முடிகிறது. சைக்கியோடு ஒப்பிட்டு “ஏன் அது இவ்வளவு மெதுவாக இருக்கிறது” என்று கேட்பது நியாயமில்லை.

தரையிலும் உண்டு. காங்கோ ஆற்றின் இரு கரைகளில் பிராசவில்லும் கின்ஷாசாவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. ஆற்றுக்குக் குறுக்கே கம்பி போட முடியாமல் 400 கி.மீ.க்கு மேல் சுற்றிவந்த இணைப்பு, கூகுளின் தாய்நிறுவனமான ஆல்ஃபபெட்டின் தாரா திட்டத்தால் 4.8 கி.மீ. லேசராகச் சுருங்கியது. 2021இல் இருபது நாளில் 700 டெராபைட் கடந்ததாக அறிவித்தார்கள்.

என் வீட்டு இணையத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக. கடலடிக் கண்ணாடி இழைக்குள் ஓடுவதும் லேசர்தான். 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை–அந்தமான் கேபிள் சுமார் 2,300 கி.மீ. நீளம். இத்தகைய நெடுந்தூர இழைகள் 1,550 நானோமீட்டரையொட்டிய ஒளியைப் பயன்படுத்துகின்றன. கண்ணாடி இழை மிகக் குறைவாக விழுங்குவது அந்த நிறத்தைத்தான். அந்தத் தொழிலுக்காகப் பல பத்தாண்டுகளாக மெருகேறிய லேசர்களும் பெருக்கிகளும் கைவசம் இருந்ததால் சைக்கியும் அதே நிறத்தில் பேசியது. இழைக்குள் ஒளி மூன்றில் ஒரு பங்கு வேகம் இழக்கும், வெற்றிடத்தில் இழக்காது.

அனுப்பும்வரை தரவு எங்கே இருக்கிறது? வழியில் தொலைந்தால்?

விண்கலத்தின் நினைவகத்தில். பூமியில் இணையம் இயங்குவது உடனடிப் பதிலை நம்பி, “வந்ததா?” என்று கேட்டால் கண் சிமிட்டுவதற்குள் விடை வரும். 46 கோடி கி.மீ. தொலைவில் போக வர 51 நிமிடம். ஆகவே கோள்களுக்கிடையே வேறு விதி வகுத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு நிலையமும் பெற்ற தரவுக் கட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த நிலையம் கண்ணில் பட்டதும் தள்ளிவிட வேண்டும்; பொறுப்பு கைமாறிய பிறகே தன் நகலை அழிக்கலாம். தாமதம் தாங்கும் வலையமைப்பு என்று இதற்குப் பெயர். இணையத்தின் தந்தையருள் ஒருவரான வின்ட் செர்ஃபுக்கு இதன் உருவாக்கத்தில் பங்கு உண்டு. 2024இல் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் செயற்கைக்கோள் இதை அன்றாட வேலையில் பயன்படுத்துகிறது.

லேசர் ஒளியிலேயே தரவைச் சேமித்து வைக்க முடியும் என்கிறார்களே?

யோசனை பொய்யில்லை, ஆசை பெரிது. ஒளி வந்து சேர நேரமாகிறது என்றால், வழியில் இருக்கும் ஒளியில் தரவு தங்கியிருக்கிறது என்றுதானே பொருள்? 39 கோடி கி.மீ., நொடிக்கு 6.25 மெகாபிட் என்றால் எந்தக் கணத்திலும் சுமார் ஒரு கிகாபைட் தரவு யார் கையிலும் இல்லாமல் வெற்றிடத்தில் போய்க்கொண்டிருக்கும். அம்மானை ஆடும் பெண்ணிடம் கைக்கு அடங்காத அளவு காய்கள் இருப்பதும் இந்தக் கணக்கில்தான். பாதிக் காய்கள் எப்போதும் காற்றில் இருக்கின்றன. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியின் நினைவகமும் இதே வித்தைதான். பாதரசக் குழாய்க்குள் ஒலித்துடிப்புகளை ஓடவிட்டு, மறுமுனைக்கு வந்ததும் திரும்ப முதலில் இருந்து ஓடவிட்டார்கள்.

இரண்டு செயற்கைக்கோள்களுக்கிடையே லேசரை முன்னும் பின்னும் ஓடவிட்டுச் சேமிப்பகம் அமைக்கலாம் என்போர் அதைத்தான் பெரிதாக்கப் பார்க்கிறார்கள். ஆயிரம் கி.மீ. இடைவெளி என்று கொள்வோம். போய்வர வெறும் 6.7 மில்லிநொடி. இணைப்பு நொடிக்கு 100 கிகாபிட் என்றால் அந்த வளையத்துக்குள் ஒரே நேரத்தில் அடங்குவது 83 மெகாபைட். சில பாட்டுகள். ஒரு டெராபைட் வேண்டுமானால் இதைப்போல் பன்னிரண்டாயிரம் வளையங்கள் வேண்டும். வெவ்வேறு நிறங்களை ஒரே பாதையில் அனுப்பலாம், கண்ணாடிகளுக்கிடையே பலமுறை எதிரொளிக்கலாம். எண்ணிக்கை ஏறும், செலவும் ஏறும். ஓரிடத்தில் நில்லாத தரவைத் திருடுவது கடினம் என்பது ஆதரவாளர்கள் சொல்லும் நன்மை. மின்சாரம் ஒருமுறை தடைபட்டால் ஏழு மில்லிநொடியில் அத்தனையும் போய்விடும் என்பது நான் சொல்லும் தீமை. விரல்நுனி அளவு மெமரி கார்டு ஒரு டெராபைட் வைத்துக்கொள்ளும் காலத்தில் இதற்கு அவசரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நீண்ட காலச் சேமிப்புக்கு லேசர் வேண்டுமென்றால் வேறு திசையில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் 75 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடித் துண்டுக்குள், மிகக் குறுகிய லேசர்த் துடிப்புகளால் ஒரு முழுநீளத் திரைப்படத்தை, 75.6 கிகாபைட், பொறித்துக் காட்டியது. எழுதியது கண்ணாடியின் உள்ளே இருப்பதால் தண்ணீர், வெப்பம், காந்தம் எதற்கும் அஞ்ச வேண்டாம். எழுதுவது மெதுவாக நடக்கும். ஆவணக்காப்பகத்துக்கு அது குறையில்லை.

விமானத்தில் இருப்பவர் கண்ணில் பட்டால்?

விண்கலத்திலிருந்து வருவது யாரையும் ஒன்றும் செய்யாது. டேபிள் மவுண்டனிலிருந்து மேலே போன பல கிலோவாட் லேசர் விளையாட்டில்லை. விமானப் போக்குவரத்துத் துறையோடு பேசிவைத்து, விமானமோ செயற்கைக்கோளோ குறுக்கே வரும் நேரத்தில் ஒளியை நிறுத்தினார்கள்.

மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து அந்த ஒளியைப் பார்க்கலாமா?

முடியாது. 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. சாதாரண கேமராவின் சிலிக்கான் சில்லுக்கும் தெரியாது. தவிர, அந்த ஒளிவட்டம் குறிபார்த்தது கலிஃபோர்னியாவை.